சோதனைக் குழி ஒன்பது

நிலாவெளி வீதி அகலமாகப் போகிறது.
அதற்கு முன் பன்னிரண்டு குழி,
இரண்டு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம்.
நான் விளிம்பில் நிற்பேன்.
அதுதான் வேலை: நிற்பது,
பெக்கோவின் வாளி மண்ணைச் சுரண்டும்போது
கை உயர்த்த ஒரு காரணம் வருமா என்று பார்ப்பது.

சியாத் கிண்ணியாவிலிருந்து விடிய வருவான்.
சோறு போடுகிறவனைப் போல மண்ணை எடுப்பான்,
ஒரு தடவைக்கு நாலு விரல் தடிப்பு.
"தங்கம் வந்தா பாதி எனக்கு மெடம்" என்றான் முதல் நாள்.
மூன்றாம் குழியோடு அந்தப் பகிடி முடிந்தது.

முதலாம் குழியில் வெள்ளை மணல். அதற்குக் கீழும் மணல்.
இரண்டில் ஒரு தண்ணீர்க் குழாய், எந்த வரைபடத்திலும் இல்லாதது;
அரை மணி நேரம் வீதியெல்லாம் ஆறு.
பிறகு நண்டுப் பொந்து, சோடா மூடி, மணல்.
ஐந்தில் ஓர் ஓட்டுத் துண்டு வந்தது.
நாலு மோட்டார் சைக்கிள் வந்து நின்றன.
யாருடையது என்று கேட்டார்கள்.
எந்தக் காலத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.
கூரை ஓடு என்றேன், கொம்பனி முத்திரையைக் காட்டினேன்.
நம்பாமல் போனார்கள்.
ஒருவர் மட்டும் திரும்பி வந்து படம் எடுத்தார்.

ஒன்பதாம் குழி சைக்கிள் கடைக்கு முன்னால்.
அறுபது சென்ரிமீற்றரில் கறுப்பு.
கை உயர்த்தினேன்.
இயந்திரம் நின்றதும்
கச்சான் காற்றின் சத்தம் திரும்பி வந்தது.

இறங்கி, மேசன் கரண்டியால் சுவரைச் சீவினேன்.
நேர்கோடு. பென்சிலை அழுத்தி இழுத்ததுபோல.
நிறப் புத்தகத்தின் ஓட்டைக்குப் பின்னால் மண்ணைப் பிடித்து
கடைசிக் கருமையோடு பொருத்தினேன்.
படை நான்கு, எரிந்தது, ஆறு சென்ரிமீற்றர்.

அரிதட்டில் ஏழு உருண்டைகள் நின்றன,
மிளகளவு, துரு உரிந்தவை.
மணிகள் என்று நினைத்துவிட்டேன்.
ஒத்துக்கொள்கிறேன், ஒரு கட்டுரையின் தலைப்புக்கூட
மனதில் வந்து போனது.
துளை தேடினேன். துளை இல்லை.

கடைக்காரி குணநேசம் கிறீஸ் கையோடு வந்து குனிந்தாள்.
"போல்ஸ்" என்றாள்.
"முன் சில்லுக்குப் போடுறது. ஒரு பக்கத்துக்குப் பத்து.
இதில ஏழுதான் கிடக்கு."
பிறகுதான் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள்.
நான் வருடம் கேட்கவில்லை.
வருடமும் மாதமும் கிழமையும் சொன்னாள்.
"பத்தரை மணி இருக்கும்" என்றாள்.
யார் என்று சொல்லவில்லை.
சியாத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அவனுடைய ஊரிலும் ஒரு பத்தரை மணி இருந்திருக்கும்.

கரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால்
கூட்டல் கழித்தல் நாற்பது என்று வரும்.
இவளிடம் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: தொல்பொருள், ஆம் அல்லது இல்லை.
கீழே பொடி எழுத்தில்:
அண்மைக் காலத்தவை பதியப்பட வேண்டியதில்லை.
அண்மை.
அன்றைக்கு அவளுக்குப் பதினாறு வயது.
இன்றைக்கு ஊசி கோக்கக் கண்ணாடி வேண்டும்.

பொறியியலாளர் விதானகே இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார்.
கல் லொறிகள் ஹபரணை தாண்டிவிட்டனவாம்.

'இல்லை'யில் சரி போட்டேன். பொய்யில்லை அது.
குறிப்புக்கு ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
சைக்கிள் கடை என்று எழுதி
கடை யாருடைய பெயரில் இருந்தது என்று கேட்டேன்.
தகப்பனின் பெயரைச் சொன்னாள்.
நான் றகரம் போட்டதைத் திருத்தினாள்.

மூடச் சொல்லிக் கை காட்ட வேண்டும்.
சியாத் அதற்குள் இறங்கி வந்து
குவித்த மண்ணருகே குந்தி
அரிதட்டின் மறுபக்கத்தைப் பிடித்தான்.
"மூணுதானே மெடம்."

லுகருக்குப் பாங்கு சொல்வதற்குள் இரண்டு அகப்பட்டன.
ஒன்பதையும் வாங்கிப் போய்
பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டாள் குணநேசம்,
உருளுமா என்று பார்க்க.